சும்மா ஒரு கையெழுத்து

(பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி பேப்பரும் கையுமாக இருக்கிறார். அடுத்த தெருத் தம்பி வருகிறான். கையில் அரைக் கிலோ அல்வா, கக்கத்தில் ஒரு ஃபைல். காலையிலேயே அல்வாவோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பது நல்லது. அண்ணாச்சி உள்ளே விட்டுவிட்டார்.)

அண்ணாச்சி: அல்வாவா? அப்போ விஷயம் பெரிசுதான். சொல்லு.

தம்பி: ஒன்றுமில்லை அண்ணாச்சி. நம்ம ஊரில் நம்பி நிற்க எது உண்டு என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சுலோசன முதலியார் பாலம் என்ன, நீங்க என்ன! 1843இல் திறந்தது, இன்னும் நிற்கிறது.

அண்ணாச்சி: அது யார் காசில் கட்டினது?

தம்பி: முதலியார் காசுதான். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்தவர், சொந்தப் பணத்தைப் போட்டார்.

அண்ணாச்சி: போட்டது திரும்பி வந்ததா?

தம்பி: பேர் நிலைத்துவிட்டதே!

அண்ணாச்சி: எனக்கு ரேஷன் கார்டில் பேர் இருக்குலே. அது போதும்.

தம்பி: சரி, பாலத்தை விடுங்க. தாமிரபரணி! வற்றாத ஆறு. நீங்களும் இல்லை என்று சொல்லாதவர்.

அண்ணாச்சி: அதுக்குத் தென்மேற்கு மழையில் ஒரு வரவு, வடகிழக்கு மழையில் இன்னொரு வரவு. எனக்குப் பென்ஷன் ஒன்றுதான். 20ஆம் தேதிக்கு மேல் மணல்தான் தெரியும். ஃபைலில் என்ன?

தம்பி: லோடு ஆட்டோவுக்குக் கடன். ஜாமீன் கையெழுத்து ஒன்று வேணும். தவணையை நான் கட்டிவிடுவேன், நீங்க சும்மா பேருக்கு.

அண்ணாச்சி: சும்மாவா? 1872 ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவு. கடன் வாங்கினவனுக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவனுக்கும் அவ்வளவு. நீ கட்டாவிட்டால் பேங்க்காரன் நேரே இந்தத் திண்ணைக்கு வருவான். அல்வாவும் கொண்டு வரமாட்டான்.

தம்பி: என்மேல் நம்பிக்கை இல்லையா அண்ணாச்சி?

அண்ணாச்சி: (பேப்பரைத் தட்டி) பாபநாசம் அணை 143 அடி. அதையே நம்பிச் சும்மா இருக்காமல், இன்றைக்கு எத்தனை அடி என்று தினமும் போடுகிறான். உன் பாஸ்புக்கில் எத்தனை அடி?

தம்பி: மழையை எதிர்பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி: 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடமே அறுந்ததுலே. ஊரே பிடித்து இழுத்த வடம்!

தம்பி: அதனால் என்ன? வேறு வடம் கட்டித் தேரை இழுத்தார்களா இல்லையா?

அண்ணாச்சி: அதைத்தான் நானும் சொல்கிறேன். நீயும் வேறு வடம் பாரு. உன் மாமனார் இருக்காரே.

தம்பி: அவரிடம்தான் முதலில் போனேன். 'அண்ணாச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், போ' என்று அனுப்பினதே அவர்தான்.

அண்ணாச்சி: சொல்லமாட்டாரா பின்னே? அவர் மாடி எடுத்த கடனுக்கு ஜாமீன் போட்டுவிட்டு, இன்றுவரை தவணை கட்டுகிறவன் நானல்லவா!

தம்பி: (முகம் மலர்ந்து, பேனா மூடியைக் கழற்றியபடி) அட, அதே பேங்க்தான்! அப்போ உங்களை அங்கே நல்லாத் தெரியும், விசாரணைகூட இருக்காது. இந்தாங்க அண்ணாச்சி, பென்சிலால் குறித்திருக்கிற இடத்தில்.