ஈம் என்ற ஊரும் ஈமமும்

அந்த 'ஈமம்' பதிவு நேற்று மறுபடியும் என் கண்ணில் பட்டது. இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும் ஈம் கிராமத்தில் பிளேக் வந்து கொத்துக்கொத்தாகச் செத்தார்களாம், அதனால் நம்முடைய ஈமம் அங்கே ஊர்ப்பெயர் ஆகிவிட்டதாம். தவறு என்று பின்னூட்டம் போட்டதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், வெள்ளைக்காரனின் அடிவருடி.

திரும்பவும் சொல்கிறேன். ஊர்ப்பெயருக்கு வேர் சொல்லும் முன், அதை முதலில் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். பிளேக் அங்கே வந்தது 1665-இல், லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு. பெயரோ 1086-இல், இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் அரசன் முதலாம் வில்லியம் எடுக்கச் சொன்ன டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே 'அயுனே' என்று இருக்கிறது. 579 வருஷம் முன்னால்! சாவு வருவதற்கு முன்பே ஈமம் என்று பெயர் வைத்துக்கொண்டு காத்திருந்தார்களா?

பழைய ஆங்கிலத்தில் 'ஏய்' என்றால் தீவு. ஓடைகளுக்கு நடுவே மேடாக நிற்கும் நிலத்தையும் அப்படித்தான் சொன்னார்கள். அதோடு 'உம்' என்ற விகுதி சேர்ந்தால் 'தீவுகளில்'. நார்மன் அரசின் எழுத்தர்கள் காதில் விழுந்ததை லத்தீன் கணக்கில் எழுதியதுதான் அயுனே. அது தேய்ந்து தேய்ந்து இன்று ஈம். யார்க் பக்கத்து ஏக்கம் என்ற ஊரும் இப்படித்தான்: ஓக் மரத்துக்கான 'ஆக்', அதோடு அதே 'உம்'. யாரும் உச்சரிக்காத ஒரு 'பி' (b) எழுத்து பிற்பாடு கடைசியில் ஒட்டிக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் எதற்கு ஏங்கினார்கள் என்றும் ஒரு பதிவு வருமா?

"ஒலி அப்படியே பொருந்துகிறதே" என்பீர்கள். பொருந்துவது இன்றைய ஒலி, அவ்வளவுதான். "உனக்குத் தமிழ்ப்பற்று இல்லை" என்றீர்களே, அதுதான் வலிக்கிறது. தமிழாசிரியர் பிள்ளை நான். பழைய வடிவத்தைக் காட்டாமல் வேர் சொல்லாதே என்று அப்பா என்னை அதட்டியிருக்கிறார். ஈமம் புறநானூற்றிலேயே இருக்கிற சொல். அதற்குப் பெருமை தேடி டார்பிஷயர் வரை போக வேண்டுமா?

ஷெஃபீல்டில் வேலை பார்த்தபோது ஈமுக்குப் போயிருக்கிறேன். வீட்டு வாசல்களில் செத்தவர்களின் பெயர்ப்பலகைகள். நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாது என்று தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட ஜனங்கள். ஊருக்கு வெளியே வயலில் ரைலி கல்லறைகள். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் அங்கே புதைத்தாள். அந்தக் கல்லறைகளைச் சுற்றிய சுவர் ஓரத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

சரி, விளக்கத்தை மாற்ற மாட்டீர்கள், போகட்டும். அந்தப் பிள்ளைகளின் கல்லறைப் படத்தின்மேல் கைதட்டும் பொம்மையை ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அதையாவது எடுங்கள்.