ரெண்டடித் தொட்டிக்கு ராஜா வேண்டுமாம்

தன் மீன் தொட்டிக்கு என்னிடம் யோசனை கேட்டுவிட்டு, நான் சொன்ன குட்டி ஹனி கௌராமியை விட்டு, ஆஸ்கார் என்கிற பெரிய மீனை வாங்கின ஒரு தம்பி போட்ட வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். நேற்று இரவு மட்டும் ஒன்பது பேர் அனுப்பியிருந்தார்கள். "உங்களத்தான் சொல்றான் போல" என்று ஒருவர் அக்கறையோடு கேட்டிருந்தார். ஆமாம், என்னைத்தான் சொல்கிறான். "ஒரு அண்ணன் ஒரு மீன் சொன்னாரு, அதத் தேடவே பூதக்கண்ணாடி வாங்கணும்" என்கிறானே, அந்த அண்ணன் நான்தான்.

கிண்டல் பண்ணினது பெரிய விஷயமில்லை. இருபது வருஷமாக மீன் வளர்க்கிறவனுக்குக் கிண்டல் புதிதா என்ன? அந்த வீடியோவில் எனக்குப் பொறுக்காத இடம் வேறு. ஏழு கப்பி மீன்கள் இருந்த தொட்டியில் இப்போது இரண்டுதான் இருக்கின்றன. அந்த இரண்டும் மேல் மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் விரல் நீள ஆஸ்கார் குஞ்சு வாயைத் திறந்து மூடுகிறது. "மத்ததெல்லாம் எங்கன்னு கேக்காதீங்க, தலைவன் கணக்க முடிச்சிட்டாப்ல" என்று ஒரு சிரிப்பு. அதற்கு எத்தனை இதயங்கள்!

தம்பி என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, ரெண்டடி டேங்க் வாங்கியிருக்கேன். கப்பி விட்டிருக்கேன். நடுவுல நின்னு பாக்கறவங்க அசர்ற மாதிரி ஒரு ஷோ பீஸ் சொல்லுங்க." அரை மணி நேரம் போனில் பேசினேன். சாப்பாடு ஆறிப்போனது. சொன்னது ஒரே விஷயம். ஷோ பீஸ் என்றால் பெரிய மீன் இல்லை. அந்தத் தொட்டிக்குள்ளேயே வளர்ந்து முடிக்கிற மீன்தான் அந்தத் தொட்டிக்கு ஷோ பீஸ். ஹனி கௌராமி ஒரு ஜோடி வாங்கிக்கொள் என்றேன். ஒரு பிரியாணி விலைகூட ஆகாது.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினாலே ஐம்பத்தாறு லிட்டர்தான் பிடிக்கும். கல், செடி, மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக நாற்பத்தைந்து லிட்டர் தேறினால் அதிகம். ஆஸ்கார் வளர்ந்தால் ஓரடியைத் தொடும். தொட்டியின் அகலமே ஓரடி. திரும்ப வேண்டுமென்றால் அது என்ன செய்யும்? ரிவர்ஸ் கியரா போடும்?

உடனே சிலர் வருவீர்கள், தெரியும். "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும், கடைக்காரரே சொன்னார்." இந்த ஒரு வாக்கியத்தால் செத்த மீன்களைக் கொட்டினால் சென்னை கொளத்தூர் ஏரி நிரம்பும். மீன் தொட்டிக்குத் தகுந்த மாதிரி வளராது. தன் கழிவிலேயே தான் மூழ்கிக் கூனிப்போகும். அது போடுகிற கழிவு அம்மோனியாவாக மாறுகிறது. ஃபில்டரில் இருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. அந்தப் பாக்டீரியா புதுத் தொட்டியில் வளர்ந்து நிற்கவே நாலைந்து வாரம் ஆகும். தம்பி தொட்டி வாங்கி எத்தனை நாள்? பதினொன்று. நாற்பத்தைந்து லிட்டரில் ஆஸ்கார் போடுகிற கழிவை எந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தாங்காது. பிள்ளைக்குச் சின்னச் செருப்பைப் போட்டால் கால் சின்னதாகவே இருந்துவிடுமா? கால் கோணும். அதுதான் நடக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு விற்க வேண்டும். கொளத்தூரில் மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி, விடியற்காலையில் எழுந்து புழு போட்டு வளர்க்கிற குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும். அவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், ஆஸ்கார் என்ன அளவு வரும் என்று மறைக்காமல் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், ஒரு கதை இருக்கிறது. இதுவரை எழுதியதில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா மூர் மார்க்கெட் பக்கமிருந்து ஒரு கவரில் இரண்டு ஆஸ்கார் குஞ்சு வாங்கி வந்தார். பட்டறை வேலை முடிந்து, பஸ்ஸில் கவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வந்திருக்கிறார். சட்டை நனைந்திருந்தது. எங்களிடம் இருந்ததும் ரெண்டடித் தொட்டிதான். முதல் மாதம் ஒரே கொண்டாட்டம். கையிலிருந்தே சாப்பிடும், ஆளைக் கண்டால் ஓடி வரும், நாய்க்குட்டி மாதிரி. தெருவே வந்து பார்த்தது. அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. நாலாவது மாதம் பெரியது சின்னதைக் கடித்துக் கொன்றது. பத்தாவது மாதம் மிச்சமிருந்தது திரும்ப முடியாமல் ஒரே பக்கம் பார்த்து நின்றது. மூக்கு கண்ணாடியில் உரசி உரசி வெள்ளையாகிவிட்டது. அம்மா தினமும் தண்ணீர் மாற்றுவார், எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற காலம் அது. ஒரு நாள் ராத்திரி அப்பா அதைப் பச்சை பக்கெட்டில் போட்டு, மேலே துண்டைப் போர்த்தி, சைக்கிள் கேரியரில் கட்டி, கோயில் குளத்துக்குக் கொண்டுபோனார். நானும் பின்னாலேயே நடந்தேன். விட்டதும் அது ரொம்ப நேரம் அசையவே இல்லை. அப்பா படியில் உட்கார்ந்து பீடி பிடித்தார். வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எட்டு வருஷம் மீன் இல்லை.

அமேசான் மீனைக் கோயில் குளத்தில் விட்டது தப்புதான், இன்றைக்குத் தெரிகிறது. அந்தக் குளத்துக் கெண்டைக்கெல்லாம் என்ன ஆச்சோ. அதைச் சொல்லி யாரும் திட்ட வேண்டாம். அவர் இல்லை இப்போது.

சரி, கௌராமிக்கு வருகிறேன். "அது வெளுத்துப்போன மீன், கடையில் பார்த்தால் சோகமாக நிற்கிறது" என்கிறீர்கள். உண்மை. கடைத் தொட்டியில் அது ஒரு அழுக்கு மஞ்சள்தான். அந்த வெளுப்பு பெரிய ஆட்களையே ஏமாற்றியிருக்கிறது. கங்கை மீன்களை எல்லாம் எழுதிவைத்த ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் இதற்கு இரண்டு பெயர் வைத்தார், சுனா என்று ஒன்று, சோட்டா என்று ஒன்று. பிறகுதான் இரண்டும் ஒரே மீன் என்று தெரிந்தது. சினைப் பருவத்து ஆணும் சாதாரணப் பெண்ணும் அவ்வளவு வித்தியாசமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, செடி நிறைய வைத்து, மூன்று வாரம் சும்மா விடுங்கள். ஆண் மீனின் உடம்பு தேன் நிறத்துக்கு ஏறும். தாடையிலிருந்து வயிறு வரை கருநீலம் இறங்கும். மை தொட்டுத் தடவின மாதிரி. அப்புறம் அது மேலே வந்து காற்றை வாயில் எடுத்து, குமிழி குமிழியாக நுரைக் கூடு கட்டும். பெண்ணின் முன்னால் செங்குத்தாக நின்று நெஞ்சைக் காட்டும். இரண்டு நூல் மாதிரி மீசை இருக்கிறதே, அது உண்மையில் வயிற்றுத் துடுப்பு. அதை நீட்டி ஒவ்வொரு இலையையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். இரண்டு அங்குல மீன். இதைவிட என்ன ஷோ வேண்டும் உங்களுக்கு?

ஒன்று கவனிக்க வேண்டும். தடித்த உதட்டுக் கௌராமியின் தங்க நிற ரகத்தையும் ஹனி என்றே விற்பார்கள். அது இதைவிடப் பெரிதாகும், கொஞ்சம் முரடு. டுவார்ஃப் கௌராமி நீலமும் சிவப்புமாகப் பிரமாதமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பண்ணையிலிருந்து வருகிறவற்றில் இரிடோவைரஸ் தொல்லை இருக்கிறது, வந்தால் மருந்தே கிடையாது. ஏஞ்சல் மீன்? துடுப்போடு சேர்த்து ஓரடித் தொட்டியின் முக்கால் உயரத்துக்கு வந்துவிடும். நியான் டெட்ரா மாதிரிக் குட்டி மீனை விழுங்கும். ஃபைட்டர் மீன்? தனியாக வைத்தால் ராஜாதான், மறுக்கவில்லை. கப்பியோடு போட்டால் அந்த வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக் கிழித்துவிடும்.

"என் காசு, என் தொட்டி, உனக்கென்ன?" சரி, உங்கள் காசுதான். கேட்காமல் இருந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"பெருசானதும் பெரிய தொட்டி வாங்கிக்கொள்வேன்." வாங்குவீர்கள். வாங்கினவரை நான் பார்த்ததில்லை.

"நீ மட்டும் வஞ்சிரம் வறுத்துச் சாப்பிடுகிறாயே, கப்பிக்கு என்ன இவ்வளவு அழுகை?" இதுவும் வரும், நிச்சயம் வரும். சாப்பிடுகிறேன். வஞ்சிரத்தை வரவேற்பறையில் உயிரோடு நிற்கவைத்து விருந்தாளிக்கு நான் காட்டுவதில்லை. வேறு வேறு விஷயம். இதற்கு மேல் இதில் பேச எனக்கு இஷ்டமில்லை.

வெளிநாட்டு மீன்தான் கம்பீரம் என்று ஒரு நினைப்பு வேறு. ஃபிளவர்ஹார்ன் மலேசியாவில் தொண்ணூறுகளில் கலப்பினமாக உருவாக்கின மீன். நம் ஊரில் அதற்கு வாஸ்து எல்லாம் சேர்த்துவிட்டார்கள். நம் வாய்க்காலில், வயல் தண்ணீரில் ஒரு குட்டி மீன் இருக்கிறது. 1831இல் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அதற்குக் கூபானஸ் என்று பெயர் வைத்தார். எங்கிருந்து வந்த பெயர் தெரியுமா? புதுச்சேரி அரியாங்குப்பம் ஆறு. நம் ஆற்றின் பெயரைச் சுமந்துகொண்டு ஐரோப்பாக்காரன் தொட்டியில் அது கூடு கட்டுகிறது. இங்கே இந்த மாதிரிக் குட்டி மீனுக்குப் பூதக்கண்ணாடி வேண்டுமாம்.

நமக்கு எல்லாமே பெரிதாக இருக்க வேண்டும். ஐந்நூற்றறுபது சதுர அடி வீட்டில் ஏழு பேர் உட்காரும் சோபா. பக்கவாட்டில் நடந்துதான் சமையலறைக்குப் போக முடியும், ஆனால் சோபா இருக்கிறது. என் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் தொட்டிக்கு முன்னால் நின்று "மீன் எங்க மாப்ள?" என்கிறார்கள். குனிந்து ஒரு நிமிஷம் பாருங்கள் என்று சொன்னால் அதற்குள் டிவி பக்கம் திரும்பிவிடுகிறார்கள். போன வருஷம் மகளுடைய பள்ளியில் ஆண்டு விழா. அவள் வீட்டில் ஆடுகிற ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். உயரமான பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தினார்கள், இவள் கடைசியில். வீடியோவில் அவளுடைய ஒரு கை மட்டும் தெரிகிறது. கேட்டால் "ஸ்டேஜ் பிரசன்ஸ் வேணும் சார்" என்றார்கள். சரி, இது மீன் பதிவு. விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது முறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொட்டிக்குள் வளர்ந்து முடிக்கிற மீன். மற்ற மீன்கள் மூலையில் ஒளியாமல், அதைச் சுற்றிப் பயமில்லாமல் நீந்துகிற மீன். அது கௌராமியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ராமிரெஸி என்கிற குட்டி மீனை வைக்கலாம், சென்னை வெயிலின் சூடு அதற்கு ஒத்துவரும், போர் தண்ணீர்தான் ஒத்துவராது. உங்களால் உப்புக் குறைந்த மென்தண்ணீர் ஏற்பாடு செய்ய முடிந்தால் தாராளமாக வையுங்கள். கீழே ஆறு கோரிடோரஸ், நடுவில் எட்டு எம்பர் டெட்ரா, மேலே மிதக்கிற செடி கொஞ்சம், ஃபில்டர் காற்றைக் குறைத்து விடுங்கள். வேகமாக ஓடவிட்டால் கூடு கலைந்துவிடும்.

தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் படும், ஒன்பது பேரில் ஒருவராவது உனக்கும் அனுப்புவார். பூதக்கண்ணாடிக்குப் பதில் சொல்ல இதை எழுதவில்லை. கொஞ்சம் அதற்கும்தான். ஆஸ்காரை நீயே வைத்துக்கொள், அது உன் பாடு. அந்த ஃபில்டருக்குப் பின்னால் நிற்கிற இரண்டு கப்பியை மட்டும் கொடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வருகிறேன். கவரும் ரப்பர் பேண்டும் கூட நானே கொண்டுவருகிறேன்.