இரண்டு நாள்தான் லீவா? பொலோன்யா போங்கள்

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி ஞாயிறு ராத்திரி வீடு திரும்புவதற்குள் ரோம், ஃப்ளோரன்ஸ், பீசா, வெனிஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். திங்கட்கிழமை ஆபீஸில் தூங்கி வழிவார்கள். போன் நிறைய படம் இருக்கும். அங்கே என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், ரயிலில் வாங்கிய சாண்ட்விச் என்பார்கள்.

ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் கிளம்பியபோது எங்கள் கூட்டத்திலும் ஒருவன் எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தான். பீசா கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுப்பதற்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தான். மற்ற மூன்று பேரும் சேர்ந்து ஷீட்டைக் கிடப்பில் போட்டோம். ஒரே ஊர், இத்தாலியின் பொலோன்யா. விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இரண்டு நாளுக்கு அந்த ஊரே அதிகம்.

பொலோன்யாவில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம், முதலில் நடைபாதையைப் பாருங்கள் என்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊர் முழுக்க வீடுகளின் கீழ்த்தளம் தெருவோரமாக உள்வாங்கி, தூணும் வளைவுமாக, கூரை போட்ட நடைபாதையாக நிற்கிறது. போர்ட்டிகோ என்கிறார்கள். எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இதன் கதைதான் எனக்குப் பிடித்தது. இங்குள்ள பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியது என்பது மரபுக் கணக்கு. மாணவர்கள் வந்து குவிந்தார்கள், தங்க இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண் கொடுத்துத் தாங்க வைத்தார்கள். அப்பட்டமான ஆக்கிரமிப்பு! வேறு ஊராக இருந்தால் இடித்திருப்பார்கள். இந்த ஊர் 1288இல் சட்டமே போட்டது: வீடு கட்டினால் போர்ட்டிகோ வைத்தே ஆக வேண்டும், குதிரையில் வருபவன் தலை இடிக்காத உயரம் வேண்டும். மேலே அறை உனக்கு, கீழே நடக்கும் உரிமை ஊருக்கு. இன்றுவரை பெரும்பாலான போர்ட்டிகோக்கள் தனியார் சொத்துதான்; பராமரிப்புச் செலவு வீட்டுக்காரருடையது, நடப்பது யார் வேண்டுமானாலும். நம் ஊரிலும் வழிப்போக்கன் உட்காரத் திண்ணை வைத்துத்தான் வீடு கட்டினோம். பிறகு கிரில் போட்டு அடைத்துவிட்டோம்.

சனிக்கிழமை முழுக்க மழை. குடை யாரிடமும் இல்லை, தேவையும் படவில்லை. தளம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு மாதிரி. ஒரு கட்டடத்துக்கு முன்னால் கல், அடுத்ததற்கு முன்னால் வழவழப்பான மொசைக். ஒரு கடைக்காரம்மா தன் கடை அகலத்துக்கு மட்டும் தண்ணீரைத் துடைத்துத் தள்ளிவிட்டு, பக்கத்துக் கடைக்காரரை முறைத்தார். அவர் வாயில் சிகரெட்டோடு உள்ளே போய் மாப்பை எடுத்து வந்தார்.

மழையோடு மழையாக சான் லூக்கா கோயிலுக்கும் ஏறினோம். குன்றின் மேல் மாதா கோயில். அதுவரை 666 வளைவுகள், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, முழுக்கக் கூரை. மாதாவின் படத்தை ஊர்வலமாகக் கொண்டுவரும்போது நனையக் கூடாது என்று 1674இல் தொடங்கி, பல தலைமுறையாக ஊரார் காசு போட்டுக் கட்டியது. கடைசி ஏற்றத்தில் எக்செல் நண்பனுக்கு மூச்சு வாங்கியது. எழுபது வயதுக்காரர் ஒருவர் எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் காபி. நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை. இதைப் பகல் கொள்ளை என்று எழுதித் தள்ளும் பயணிகளைப் பார்க்கிறேன். நண்பன் ஒருவனும் சதுக்கத்தைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பில் வந்ததும் குதித்தான். மெனுவில் இரண்டு விலையும் போட்டிருந்தது. இந்த விஷயத்தில் நான் கடைக்காரர் பக்கம். 1911இல் வந்த ஒரு சட்டம், அத்தியாவசியப் பொருள்களுக்கு உச்சவிலை வைக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குக் கொடுத்தது. மேஜைப் பரிமாறல் இல்லாத காபியும் அதில் வந்தது. அந்தப் பழக்கம் போகவே இல்லை. நாங்கள் போன கடைகளில் நின்று குடித்தால் ஒன்றரை யூரோவைத் தாண்டவில்லை. ஃப்ராங்ஃபர்ட்டில் அந்தக் காசுக்குக் காபி வாசம்கூடக் கிடைக்காது. காலை எட்டு மணிக்குக் கவுண்டரில் கோட்டு சூட்டுக்காரரும் பெயின்ட் அப்பிய சட்டைக்காரரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, இரண்டு மிடறில் குடித்து, கப்பைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். சதுக்கத்தின் அழகையும் சேர்த்து வாடகைக்கு எடுக்கிறவர் கூடக் கொடுக்கட்டுமே!

சாப்பாடு பற்றிச் சொன்னால் சைவக்காரர்களுக்கு வயிறு எரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இது மோர்ட்டடெல்லா என்ற பன்றி இறைச்சி சாசேஜின் ஊர். தோர்த்தெல்லினி என்ற சின்னக் கொழுக்கட்டை மாதிரி பாஸ்தா என்றால் உள்ளே பன்றி இறைச்சி. பெரிதாக இருக்கும் தோர்த்தெல்லோனிக்குள் பெரும்பாலும் ரிக்கோட்டா சீஸும் கீரையும்தான். ஆனாலும் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது என்பதை எங்கள் சைவ நண்பனிடம் நான் சொன்ன நேரம் சரியில்லை. அவன் அப்போதுதான் வாயில் போட்டிருந்தான்.

அவனைக் காப்பாற்றியது ஓஸ்தேரியா டெல் சோலே என்ற ஒயின் கடை. 1465லிருந்து நடக்கிறதாம். குடிக்க மட்டும் விற்பார்கள். சாப்பாட்டை நீங்களே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். பக்கத்துச் சந்தைத் தெருக்களில் நாங்கள் ரொட்டியும் இறைச்சியும் வாங்கிக்கொண்டு போய் நீள மேஜையில் பரப்பினோம். அவன் பையிலிருந்து எலுமிச்சைச் சாத டப்பாவை எடுத்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரில் சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவர் மட்டும், சாதத்தில் கிடந்த வேர்க்கடலையைக் காட்டி ஏதோ கேட்டார். ஒரு கரண்டி கொடுத்தோம். பச்சைமிளகாயைக் கடித்ததும் ஒயினை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் கைகொடுத்தார்.

ஊருக்குப் பெருமை ஜாஸ்தி என்பதையும் மறைக்க வேண்டாம். தால்யத்தெல்லே என்ற நாடா பாஸ்தாவின் அகலம் எட்டு மில்லிமீட்டர் என்று 1972இல் தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வணிகச் சபையில் வைத்தவர்கள் இவர்கள். வெந்த பிறகு அளக்க வேண்டுமாம். எனக்கு இது பாதி பெருமை, பாதி நக்கலாகத்தான் படுகிறது.

ரயில் நிலையத்தில் ஒரு கடிகாரம் 10:25இலேயே நிற்கும். ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று அங்கே குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். ஆம்புலன்ஸ் போதாமல், 37ஆம் எண் டவுன் பஸ்ஸின் ஜன்னல்களில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, இறந்தவர்களை அதில்தான் ஏற்றிப் போனார்கள். கடிகாரத்துக்கு அடியில் நின்று செல்ஃபி எடுக்காமல் இருந்தால் நல்லது.

பீசா போகவில்லையே என்ற நண்பனுக்கு இங்கேயே சாய்ந்த கோபுரம் கிடைத்தது. கரிசெந்தா, 48 மீட்டர். ஆனால் சாய்வு ஆபத்தாகிவிட்டது என்று 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள். தூர நின்று தாங்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான்.

போகிறவர்கள் ஆகஸ்ட் நடுவில் மட்டும் போகாதீர்கள். 15ஆம் தேதி ஃபெராகோஸ்தோ விடுமுறை. அந்த வாக்கில் பாதிக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். மே மாதம் நல்லது. மாதா ஊர்வலமும் அப்போதுதான்.