170 அங்குலம்

போன சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் நின்றிருந்தேன். இங்கே அமெரிக்காவின் விஸ்கான்சினில், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை மான் வேட்டைக்குத் துப்பாக்கி சீசன் ஆரம்பம். ஒன்பது நாள். மான் என்று நினைத்து ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்க ஊரே ஆரஞ்சு உடையில் திரியும். (2016-லிருந்து பளிச் பிங்க்கும் போடலாம் என்று சட்டம். இதுவரை ஒருத்தரைக்கூட அந்த நிறத்தில் பார்த்ததில்லை.)

அவருடைய மருமகன் சுட்டுக் கொண்டுவந்த மான் விட்டத்தில் தொங்கியது. எட்டு முனைக் கொம்பு. எனக்குப் பிரமாதமாகத்தான் தெரிந்தது. அந்தப் பையன் மெல்லிய எஃகு டேப்பை எடுத்து ஒவ்வொரு கிளையாக அளந்து, அங்குலங்களைப் போனில் கூட்டிப் பார்த்துவிட்டு, "108" என்றான். முகம் தொங்கிவிட்டது. நம்மூரில் நூற்றெட்டு நல்ல எண்ணப்பா என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பெரியவர் டேப் பக்கமே திரும்பவில்லை. டார்ச் அடித்து மானின் கீழ்த்தாடையைத் திறந்து பல்லைப் பார்த்தார். முன்கடைவாயில் மூன்றாவது பல் மூன்று முகடாக இருந்தால் பால் பல், வயது ஒன்றரைக்கு மேல் போகாது. இதில் அது விழுந்து இரண்டு முகடுப் பல் முளைத்திருந்தது. "ரெண்டரை வயசு. இன்னும் மூணு வருஷம் விட்டிருந்தா..." என்று இழுத்தவர், அதோடு நிறுத்திக்கொண்டு கையைத் துடைத்தார்.

பெரிய கொம்புள்ள ஆண் மான் ஏன் அபூர்வம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஜீன் என்பார்கள், தீவனம் என்பார்கள், மண் என்பார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் என் கட்சி பெரியவரின் கட்சிதான்: யாரும் அதைக் கிழவனாக விடுவதில்லை.

நமக்கு ஆட்டுக்கும் மானுக்கும் ஒரே சொல், கொம்பு. சமாச்சாரம் வேறு. ஆட்டுக் கொம்பு வாழ்நாள் முழுக்க நிற்கும். இங்குள்ள வெண்வால் மானுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் விழுந்து, வசந்தத்தில் வெல்வெட் மாதிரி மெத்தென்ற தோலைப் போர்த்திக்கொண்டு முதலிலிருந்து முளைக்கும். விலங்கு உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு கிடையாது. அதற்கான சுண்ணாம்புச் சத்தைத் தன் விலா எலும்பிலிருந்தே கடன் வாங்கும். ஒன்றரை வயதில் உடம்பு வளரவே சாப்பாடு சரியாகப் போய்விடும். தலைக்கு மிச்சம் என்ன? எலும்புக்கூடு முழுசாக வளர்ந்த பிறகுதான் கொம்புக்குக் கை தாராளமாகும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் உச்சம். அந்த வயதைப் பார்ப்பதற்குள் எத்தனை நவம்பர், எத்தனை ஹெட்லைட், எத்தனை பனி!

பென்சில்வேனியாவில் 2002-இல் ஒரு விதி போட்டார்கள். இத்தனை முனை இல்லாத கொம்பைத் தொடக்கூடாது. அதுவரை அங்கே சுடப்பட்டதில் பெரும்பாலானவை ஒன்றரை வயதுப் பொடியன்கள். வேட்டைக்காரர்கள் கொந்தளித்தார்கள். நாலைந்து வருஷத்தில் அதே காட்டில், அதே ஜீனில், வயசான மான்கள் தலைகாட்டத் தொடங்கின. புதிதாக யாரும் எதையும் கொண்டுவந்து விடவில்லை. சுடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த அங்குலக் கணக்கின் பூர்வீகமும் பலருக்கு மறந்துவிட்டது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப்தான் பெரிய கொம்புகளின் பதிவேட்டை வைத்திருக்கிறது. இன்றைய அளவுமுறை 1950-இலிருந்து. 1900 வாக்கில் அமெரிக்காவில் வெண்வால் மான் சில லட்சம்தான் மிச்சம். இன்று ஏறக்குறைய 3 கோடி. அழிந்துகொண்டிருந்த காலத்தில், இப்படியெல்லாம் ஒரு மிருகம் இருந்தது என்று எழுதிவைக்கப் பிறந்த கணக்கு, இப்போது போட்டோவுக்குக் கீழே போடும் மார்க் ஆகிவிட்டது.

கணக்கிலேயே எனக்கு ஒரு சண்டை உண்டு. கொம்பை 60 நாள் காயவைத்து, தண்டின் நீளம், கிளைகளின் நீளம், நாலு இடத்தில் சுற்றளவு, நடுவில் அகலம் எல்லாம் கூட்டுவார்கள். சரி. அப்புறம் இடப்பக்கக் கிளை 10 அங்குலம், வலப்பக்கம் 8 என்றால் அந்த 2-ஐக் கழிப்பார்கள். மான் வளர்த்த எலும்பு கண்முன்னே இருக்கிறது. சமமாக இல்லையாம், கிடையாதாம்! இந்தக் கழிவெல்லாம் போக 170 வந்தால்தான் வழக்கமான வடிவக் கொம்புக்கு நிரந்தரப் பதிவேட்டில் இடம். கோணல்மாணலாகக் கிளைத்தவற்றுக்குத் தனி வரிசை, 195.

அந்தக் கோணல் வரிசையில் உச்சத்தில் இருப்பது மிசௌரி மான், 333 7/8 அங்குலம். 1981-இல் செயின்ட் லூயிஸ் பக்கம் சாலையோரம் செத்துக் கிடந்தது. அடுத்தது ஒஹாயோ மான், 328 2/8. அதுவும் 1940-இல் ரயில் பாதையோரம் செத்துக் கிடந்ததுதான். இரண்டையும் யாரும் சுட்டதாகத் தெரியவில்லை. இத்தனை லட்சம் துப்பாக்கிகள், ஒளிந்திருந்து சுட இத்தனை டவர், கேமரா, வாசனை தெரியாத சட்டை. கடைசியில் முதல் இரண்டு இடமும் தானாகச் செத்துக் கிடந்தவற்றுக்கு. சீசன் தொடங்கும்போதெல்லாம் இதை நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

இன்னொரு கதை இந்த மாநிலத்துடையதே. 1914-இல் டான்பரி ஊர்ப்பக்கம் ஜேம்ஸ் ஜோர்டான் என்ற இளைஞர் ஓர் ஆண் மானைச் சுட்டார். தலையைப் பாடம் செய்யக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட, தலையும் கூடவே போயிற்று. எத்தனையோ வருஷம் கழித்து மினசோட்டாவில் பழைய சாமான் விற்பனையில் அந்தக் கொம்பு 3 டாலருக்குப் போனது. அளந்தால் 206 1/8, வழக்கமான வடிவ வரிசையில் உலக சாதனை! சுட்டவர் பெயர் தெரியாது என்றே பதிந்தார்கள். இது என் மான் என்று ஜோர்டான் சொல்லிக்கொண்டே இருந்தார். 1978-இல் ஒருவழியாக அவர் பெயரைப் போட்டபோது அவர் உயிரோடு இல்லை. 1993-இல் கனடாவின் சஸ்காச்சுவானில் மைலோ ஹான்சன் சுட்ட 213 5/8 வரும்வரை அந்தச் சாதனை நின்றது.

"பணம் கொடுத்தா டெக்சாஸ் பண்ணையில 300 அங்குலம் கிடைக்குமே" என்று கமென்டில் யாராவது வருவீர்கள். கிடைக்கும். வேலிக்குள் பொறுக்கி இனம் சேர்த்து, தீவனம் கொட்டி வளர்த்தது. கிளப் அதை ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. அதே டெக்சாஸில் நம்மூர்ப் புள்ளிமான்கூட 1932-லிருந்து இருக்கிறது. வெளிநாட்டு விலங்கு என்பதால் அதற்கு சீசனே கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம். முதுமலை வழியாகப் போகும்போது காரை நிறுத்தாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

பெரியவர் வீட்டுச் சுவரில் ஒரு தலைகூடக் கிடையாது. ஃப்ரிட்ஜ் கதவில் டிரெயில் கேமரா (காட்டில் கட்டிவைப்பது, ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும்) படங்கள் நாலு இருக்கின்றன. நாலு வருஷம், ஒரே மான். இடது காதில் ஒரு கிழிசல், அதை வைத்து அடையாளம். முதல் படத்தில் ஆறு முனை, கடைசிப் படத்தில் எண்ண முடியவில்லை. இரண்டு முறை குறிக்குள் வந்தும் விட்டுவிட்டாராம். "இந்த வருஷமாவது?" என்று கேட்டேன். அக்டோபர் நடுவிலிருந்து கேமராவில் வரவில்லையாம்.

மார்ச்சில் உதிர்ந்த கொம்பு தேடப் போவார். இந்த வருஷக் கொம்பு அவர் நிலத்தில் எங்காவது விழுந்து கிடந்தால், அது சீசனைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். பனி உருகிச் சேறாக இருக்கும், அந்த ஆபீஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வராதே என்றார்.