ஃப்ளஷ் பண்ணினால் எட்டுக்கால் பூச்சி செத்துவிடுமா?

போன வாரம் இரவு பதினோரு மணிக்கு என் மகள் பாத்ரூமிலிருந்து போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அக்கா போன் செய்து "என்னாச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டார். ஆனது இவ்வளவுதான். டாய்லெட் மூடிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. என் மனைவி மக்கில் தண்ணீர் பிடித்து அடித்து, அதைக் கோப்பைக்குள் தள்ளி ஃப்ளஷை அழுத்தினாள். போகவில்லை, மேலேயே மிதந்தது. டேங்க் நிறையும்வரை மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இரண்டாவது தடவை போய்விட்டது.

"செத்துருச்சாப்பா?"

"செத்திருக்கும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ராத்திரி பூராவும் வாளித் தண்ணீரில் கிடந்த ஒன்றை, காலெல்லாம் சுருண்டு போயிருந்ததைப் பார்த்து, செத்துவிட்டது என்று எடுத்து ஜன்னல் திட்டில் போட்டேன். மத்தியானம் பார்த்தால் காணோம். எறும்பு இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கால் சுருண்டால் செத்தது என்று அர்த்தமில்லை. சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் திரவத்தை அழுத்தித்தான் நீட்டும். அந்த அழுத்தம் குறைந்தால் கால் தானாக மடங்கிக்கொள்ளும். மூச்சு விஷயமும் நாம் நினைப்பது மாதிரி இல்லை. மூக்கு, வாய் வழியாக அது மூச்சு விடுவதில்லை. வயிற்றின் அடிப்பக்கம் சிறு பிளவு, உள்ளே ஏடு ஏடாக அடுக்கிய புத்தக நுரையீரல். மேலெல்லாம் தண்ணீர் ஒட்டாத ரோமம், அதில் காற்று ஒரு படலமாகச் சிக்கிக்கொள்ளும். முதல் ஃப்ளஷில் அது அப்படி மிதந்ததற்கும் இந்த ரோமமும் நீரின் பரப்பு இழுவிசையும்தான் காரணம். போதாததற்கு, சும்மா இருக்கும்போது சிலந்திக்கு ஆக்சிஜன் மிகக் கொஞ்சமே போதும்.

2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதில் ரொம்பப் பிரபலம். பிரான்சின் ரென் நகரத்து ஆய்வாளர்கள், கடல் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பில் வாழும் ஓநாய்ச் சிலந்திகளையும் காட்டில் வாழும் அவற்றின் உறவுக்காரச் சிலந்திகளையும் தண்ணீரில் மூழ்கடித்து, எப்போது அசைவு நிற்கிறது என்று கணக்கெடுத்தார்கள். காட்டுச் சிலந்திகள் எல்லாம் ஓய 24 மணி நேரம் ஆனது. சதுப்பில் வாழும் ஓர் இனத்துக்கு 36 மணி நேரம். சரி, முடிந்தது என்று எடைபோடுவதற்காக உலர வைத்தார்கள். சில மணி நேரத்தில் அந்தச் சதுப்பு இனத்துச் சிலந்திகள் கால் உதற ஆரம்பித்து, எழுந்து நடந்தன! அவை சாகவில்லை, ஒருவித மயக்கத்துக்குப் போயிருந்திருக்கின்றன.

நம் பாத்ரூமுக்கு வருவது அந்த இனம் இல்லை, அதனால் இதுவும் 36 மணி நேரம் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃப்ளஷ் தண்ணீர் அதன்மேல் ஓடுவது சில நொடிதான். அந்த நேரத்தில் மூழ்கிச் சாவது நடக்காத காரியம். குழாய்ச் சுவரில் மோதி அடிபட்டுச் சாகலாம். சோப்புத் தண்ணீரோ ஆசிட்டோ பின்னாலேயே வந்தால் கதை வேறு. சோப்பு பட்டால் ரோமம் நனைந்துவிடும், அந்தக் காற்றுப் படலம் போய்விடும். இதெல்லாம் தப்பினாலும் போய்ச் சேருமிடம் சாக்கடை. பெரும்பாலும் சாகும், ஆனால் நாம் நினைத்துக்கொள்வதுபோல் உடனே, வலியில்லாமல் இல்லை.

"திரும்பி வருமா?" என்பது மகளின் அடுத்த கேள்வி. கோப்பைக்கு அடியில் இருக்கும் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும், சாக்கடை நாற்றம் மேலே வராமல் இருப்பதற்காக. அதற்குள் முங்கி எழுந்து வருவது கஷ்டம். மற்றபடி இவை டிரெயினேஜிலிருந்து முளைப்பவை அல்ல. வென்டிலேட்டர் கண்ணாடி இடுக்கு வழியாகக் கரப்பானைத் தேடி வருபவை. வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். நம் ஊர் வீடுகளில் தட்டையாகச் சுவரோடு ஒட்டி நிற்குமே, அதுதான். சில சமயம் உடம்புக்கடியில் வெள்ளையாக வட்டமாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது முட்டைப் பை.

இதன் மூத்திரம் பட்டால் கொப்புளம் வரும் என்று என் அம்மா இன்றைக்கும் சொல்வார். மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ஒரு சின்ன வண்டு உண்டு. தூக்கத்தில் அதை நசுக்கிவிட்டால் தோலில் கோடு கோடாகக் கொப்புளிக்கும். பல வீடுகளில் அந்தப் பழி சுவரில் சும்மா நின்ற சிலந்தி மேல் விழுகிறது. இத்தனைக்கும் திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு மேல் வலை பின்னிய சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கும்பிடுகிற ஊர் நம்முடையது.

எனக்குச் சிலந்தியை அடிப்பவர்கள் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. செருப்பால் ஒரே அடி, அதற்குத் தெரிவதற்குள் முடிந்துவிடும். அடித்தவருக்கும் தான் என்ன செய்தோம் என்று தெரியும். ஃப்ளஷ் அப்படியில்லை. கொன்ற மாதிரியும் இருக்க வேண்டும், கொல்லாத மாதிரியும் இருக்க வேண்டும், மிச்சத்தைக் குழாய் பார்த்துக்கொள்ளும். அதற்கு இரண்டு டேங்க் தண்ணீர் வேறு. கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இருந்துகொண்டு!

இப்போது பாத்ரூம் அலமாரியில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவும் கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒன்றும் இருக்கின்றன. டப்பாவைக் கவிழ்த்து, பத்திரிகையை அடியில் செருகினால் வேலை முடிந்தது. நேற்று ஒன்றை மகளே பிடித்தாள், கை நடுங்கினாலும் விடவில்லை. கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் விட்டுவிட்டு வந்தாள்.

இன்று காலை கீழ்வீட்டிலிருந்து ஒரு சத்தம். இந்தத் தடவை போன் செய்தது நான்.