எண்ணிக்கை ஏறியபோது வராத பயம்

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவர்கள் மீது மக்களுக்கு வரும் கோபம், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, தேர்தல் மேடையில் அதை யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். பிரிட்டனைப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

2016 ஜூன் 16. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்புக்கு இன்னும் ஒரே வாரம். விலகல் தரப்பின் முன்னணித் தலைவர் நைஜல் ஃபராஜ் ஒரு பெரிய சுவரொட்டியின் முன் வந்து நின்றார். வளைந்து வரும் நீண்ட மனித வரிசை, பெரும்பாலும் ஆண்கள். மேலே சிவப்பு எழுத்தில், இனி தாங்காது என்கிற தொனியில் ஒரு வாசகம். அந்தப் படம் பிரிட்டனில் எடுத்ததே இல்லை. 2015 அக்டோபரில் குரோஷியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்குள் நடந்து வந்த அகதிகள் அவர்கள். எல்லைச் சோதனையின்றி நாடு விட்டு நாடு போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் என்றுமே சேர்ந்ததில்லை. ஒன்றியத்தில் இருந்தாலும் விலகினாலும் அந்த வரிசையில் நின்றவர்கள் தம் இஷ்டத்துக்கு பிரிட்டனுக்குள் வந்துவிட முடியாது.

அதைப் பார்த்து நடுங்கிப்போனதாக விலகல் தரப்பைச் சேர்ந்த அமைச்சர் மைக்கேல் கோவ் சொன்னார். சரி, அவர் இருந்த அணி என்ன செய்தது? 7.6 கோடி மக்கள்தொகை கொண்ட துருக்கி ஒன்றியத்தில் சேரப்போகிறது என்று விளம்பரம் போட்டது. 2005இல் தொடங்கிய பேச்சுவார்த்தையில், பேசி முடிக்க வேண்டிய 35 அத்தியாயங்களில் ஒன்றே ஒன்றுதான் அதுவரை முடிந்திருந்தது. தடுக்கும் அதிகாரமும் பிரிட்டனிடம் இருந்தது.

அந்த மாத இப்சாஸ் கருத்துக்கணிப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் குடியேற்றத்தை நாட்டின் முக்கியப் பிரச்சினையாகச் சொன்னார்கள். வாக்கெடுப்பு முடிந்தது, பேச்சு அடங்கியது, கவலையும் மளமளவென்று இறங்கியது. ஆனால் வந்தவர்கள் குறையவில்லை. 2023 ஜூன் வரையான ஓராண்டில் நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த எண்ணிக்கை, 9 லட்சத்தைத் தாண்டியது. 2024இல் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. 2025இலோ குடியேற்றம் மறுபடி பெரிய கவலையாகிவிட்டது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் இருக்கும் பாஸ்டன் ஊர்க்காரர்களை நான் குறை சொல்லவில்லை. 2004க்குப் பிறகு காய்கறி வயல்களுக்கும் பேக்கிங் ஆலைகளுக்கும் கிழக்கு ஐரோப்பியர்கள் ஏராளமாக வந்தார்கள். சின்ன ஊரில் வாடகையும் பள்ளி இடமும் இறுகின. அங்கே 75 சதவீதத்துக்கு மேல் விலகலுக்கு வாக்களித்ததில் உண்மையான நெருக்கடியும் இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது வீடும் மருத்துவரும். சுவரொட்டி காட்டியது ஸ்லோவேனிய எல்லையை.

இன்றைக்கு அந்தச் சுவரொட்டியின் இடத்தில் ரப்பர் படகு. 2022இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடந்து வந்தவர்கள் சுமார் 46,000 பேர். அதே ஆண்டு வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் வந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் பலர் முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்குப் போனார்கள். அந்த விசாவைத் திறந்துவிட்டதே விலகலை நடத்திக்காட்டிய கன்சர்வேடிவ் கட்சியின் அரசுதான். 'படகுகளை நிறுத்துவோம்' என்று எழுதிய மேடையில் நின்று அந்தக் கட்சியின் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் பேசியபோது, அந்த விசாக்களைத் தந்தது ஏன் என்றும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.