பிச்சாவரம் சிதைந்ததற்கு ஊர் மக்கள் காரணமல்ல
பிச்சாவரம் அலையாத்திக் காடு அழிந்ததற்குச் சுற்றுவட்டார மக்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காரணம் என்றும், அவர்களை வெளியேற்றினால் காடு தானாகத் தழைக்கும் என்றும் ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியல்ல. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தக் காட்டில், ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிக் கூப்பு முறையில் பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டியது அரசு நிர்வாகமே. மரம் போன இடத்தில் சேற்று நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தொட்டி போல் பள்ளமானது. ஓதத்தோடு, அதாவது கடல் நீர்மட்டம் ஏறும்போது, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அலையாத்தி மரங்களில் ஒன்றான வெண்கண்டல் தன் இலைகளின் வழியே உப்பை வெளியேற்றிப் பிழைக்கும் மரம். இலையை விரலால் தடவினாலே உப்புத் துகள் ஒட்டும். ஆயினும் அந்த அளவுக்கு மீறிய உவர்ப்பில் அதன் நாற்றுகூட நிலைக்காது.

மேய்ச்சல் இளங்கன்றுகளைப் பாதிக்கும் என்பது உண்மையே. ஆனால் மேய்ச்சலை மட்டும் தடுத்து அந்த உப்புப் பள்ளங்களை மீட்டிருக்க முடியாது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களுடன் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்த பிறகே நட்ட கன்றுகள் பிடித்தன. அவ்வாய்க்கால்களில் வண்டல் படியும்போது தூர்வாரவும் வேண்டும். அந்த வேலையை அறிந்த மக்களையே வெளியேற்றச் சொல்வது மிகுந்த வருத்தமளிக்கிறது.